பக்தியும் பெருந்தொற்றும்: அரசு எண்ணியதும் எண்ணாததும்

புது தில்லி: 2021-ஆம் ஆண்டு கும்பமேளா நடந்த நாள்களில் பஞ்சாப் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவரின் செல்லிடப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கரோனா பரிசோதனைக்காக அவரிடம் மாதிரி எடுக்கப்பட்டுவிட்டதாக அது தெரிவித்தது. மாதிரி எடுக்கப்பட்ட இடம் ஹரித்துவார். அவரோ கும்பமேளாவுக்குப் போகவே இல்லை. யாரும் அவரிடம் மாதிரி எடுக்கவும் இல்லை. தன் பெயரும் எண்ணும் எப்படி அங்கு போயின என்று அவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு எழுதினார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்டார். புகார் உத்தரகண்ட் சுகாதாரத் துறைக்கு அனுப்பப்பட்டது.

விசாரித்தபோது, மேளாவில் நடந்ததாகக் கணக்குக் காட்டப்பட்ட சுமார் 4 லட்சம் பரிசோதனைகளில் ஏறத்தாழ 1 லட்சம் போலி என்ற சந்தேகம் எழுந்தது. ஒரே தொலைபேசி எண்ணில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பதிவாகியிருந்தனர். ஒருவருக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டிய ஒரு சோதனைக் கருவியின் எண்ணில் 700 மாதிரிகள் காட்டப்பட்டிருந்தன. 2021 ஆகஸ்டில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. மேளாவின் சுகாதார அதிகாரிகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

இதை வெறும் ஊழல் வழக்காகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். பலரும் அப்படித்தான் நகர்ந்தனர். ஆனால் இந்தப் போலிக் கணக்கின் பக்கத்தில் அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன்பு, 2020 ஏப்ரலில், தில்லியில் நாள்தோறும் வாசிக்கப்பட்ட வேறொரு கணக்கை வைத்துப் பார்த்தால்தான், பெருந்தொற்றுக் காலத்தில் வழிபாட்டையும் பொதுச் சுகாதாரத்தையும் இந்திய அரசுகள் எப்படிக் கையாண்டன என்பது விளங்கும்.

நிஜாமுதீன் மர்கஸ்

2020 மார்ச் மத்தியில் தில்லி நிஜாமுதீனில் உள்ள தப்லீக் ஜமாத்தின் தலைமையகமான மர்கஸில் பெருங்கூட்டம் கூடியது. வெளிநாட்டவரும் பல மாநிலத்தவரும் அதில் இருந்தனர். மார்ச் 11-ஆம் தேதியே உலக சுகாதார நிறுவனம் கரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்திருந்தது. இரண்டு நாள் கழித்து, இது சுகாதார நெருக்கடி அல்ல, பீதி வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அமைச்சக அதிகாரி கூறினார். விமானங்கள் வந்துகொண்டிருந்தன. நாடாளுமன்றம் மார்ச் 23 வரை நடந்தது. மறுபுறம், மும்பை சித்திவிநாயகர் கோயில் 16-ஆம் தேதியும் சீரடி சாய்பாபா கோயில் 17-ஆம் தேதியும் வைஷ்ணவ தேவி யாத்திரை 18-ஆம் தேதியும் பக்தர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டன. திருமலையில் 20-ஆம் தேதி தரிசனம் நின்றது. 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற தில்லி அரசின் உத்தரவு 16-ஆம் தேதி வந்துவிட்ட பிறகும் மர்கஸ் கட்டடம் காலியாகவில்லை. அந்தப் பொறுப்பிலிருந்து அதன் நிர்வாகிகள் தப்ப முடியாது. பக்கத்திலேயே காவல் நிலையம் இருந்தது என்பதும் உண்மை.

மார்ச் 24 நள்ளிரவு முதல் நாடு முழுவதும் முடக்கப்பட்டது. ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் 2,300-க்கும் மேற்பட்டோர் அந்தக் கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதன் பிறகுதான் கணக்கு தொடங்கியது. நாட்டில் மொத்தம் 14,378 பேருக்குத் தொற்று, அவர்களில் 4,291 பேர், அதாவது 29.8 சதவீதத்தினர், இந்தக் கூட்டத்தோடு தொடர்புடையவர்கள் என்று ஏப்ரல் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. தமிழ்நாட்டில் இந்த விகிதம் 84 சதவீதம் என்றும் சொல்லப்பட்டது. எண்கள் பொய்யல்ல. ஆனால், சோதனைக் கருவிக்கே தட்டுப்பாடு நிலவிய அந்த வாரங்களில், யாரைத் தேடித் தேடிச் சோதித்தார்களோ அவர்களிடம்தான் தொற்று அதிகம் தென்பட்டது. இந்தச் சிறு விளக்கம் எண்ணோடு சேர்த்துச் சொல்லப்படவில்லை. தொலைக்காட்சிகள் மீதியைப் பார்த்துக்கொண்டன. காய்கறி விற்ற முஸ்லிம்களைத் தெருவுக்குள் விட மறுத்த சம்பவங்கள் வட மாநிலங்களில் நடந்தன.

தில்லி அரசின் தினசரி அறிக்கையில் மர்கஸுக்கென்று தனி வரிசையே இருந்தது. தில்லி சிறுபான்மையினர் ஆணையம் ஆட்சேபித்த பின் அந்தப் பெயர் மாற்றப்பட்டது. தமிழக அரசு சற்று முன்யோசனையுடன் மதப் பெயரைத் தவிர்த்து, ‘ஒரே மூலத்திலிருந்து பரவியது’ என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறியது. எண்ணிக்கை மாறாமலே எரிச்சல் குறைந்தது. தடம் அறிவதற்கு மதத்தின் பெயர் தேவைப்படவில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று. குணமடைந்த ஜமாத்தினர் பலர், சிகிச்சைக்கென்று கேட்கப்பட்டபோது பிளாஸ்மா தானம் செய்தனர் என்பது பின்னர் வந்த செய்தி; அதற்குத் தனி வரிசை எதுவும் இல்லை.

வழக்குகள் என்னவாயின? தில்லியில் மட்டும் 955 வெளிநாட்டவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. பெரும்பாலோர் அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்பினர். விசாரணையைச் சந்திக்கத் துணிந்தவர்களில் 36 பேரை 2020 டிசம்பரில் தில்லி நீதிமன்றம் விடுவித்தது. அதற்கு முன்பே, ஆகஸ்டில், மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தோன்றுகிறது என்று கூறியது. அவர்களுக்கு இடம் கொடுத்த இந்தியர்கள் 70 பேர் மீதான 16 வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலையில். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களாகவே இருந்தனர்.

இதே காலத்தில் பஞ்சாபில் நடந்தது அதிகம் பேசப்படவில்லை. இத்தாலி, ஜெர்மனி சென்று திரும்பிய சீக்கிய சமயப் போதகர் ஒருவர், ஆனந்த்பூர் சாகிபில் நடந்த ஹோலா மொஹல்லா விழாவில் கலந்துகொண்டு, 2020 மார்ச் 18-ஆம் தேதி இறந்தார். அவருடன் தொடர்பிலிருந்தோரின் கிராமங்கள் சீல் வைக்கப்பட்டன. மகாராஷ்டிரத்தின் நாந்தேட் குருத்வாராவுக்குச் சென்று முடக்கத்தில் சிக்கிக்கொண்ட யாத்ரீகர்களைப் பஞ்சாப் அரசு ஏப்ரல் இறுதியில் பேருந்து அனுப்பி அழைத்துவந்தது. அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று இருந்தது. அரசியல் கட்சிகள் சண்டையிட்டன. ஆனால் யாத்ரீகர் யாரையும் யாரும் சதிகாரர் என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

அரசியல் சட்டத்தில் ஒரு சொல்

மத சுதந்திரம் பற்றிய அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, உரிமையைச் சொல்வதற்கு முன்பே நிபந்தனையைச் சொல்கிறது: பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அந்த உரிமை. மத நிறுவனங்களின் உரிமை பற்றிய 26-ஆவது பிரிவும் அதே மூன்று சொற்களோடுதான் தொடங்குகிறது. அரசியல் நிர்ணய சபையின் அடிப்படை உரிமைகள் துணைக் குழுவில் இருந்த ராஜகுமாரி அம்ருத் கௌர், மதத்தை ‘அனுசரிக்கும்’ உரிமை என்ற சொல்லையே எதிர்த்தார். தேவதாசி முறை, பர்தா போன்றவற்றைச் சீர்திருத்த அது தடையாகிவிடும் என்பது அவரது அச்சம். அவர்தான் பின்னர் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரானார்.

அந்த மூன்றாவது சொல் அங்கு தற்செயலாக வந்து உட்காரவில்லை. 1867-இல் ஹரித்துவார் கும்பமேளாவில் சுமார் 30 லட்சம் பேர் கூடியபோது காலரா பரவியது. வீடு திரும்பியவர்களின் பாதையிலேயே அது வட இந்தியாவெங்கும் சென்றது. 1892-இல் அதே ஹரித்துவாரில், காலராவுக்கு அஞ்சி, மகாவாருணி விழாவுக்கு வந்த பெருந்திரளை ஆங்கிலேய அரசு கலைத்து அனுப்பியது. மதத்தில் தலையிட மாட்டோம் என்ற 1858-ஆம் ஆண்டு விக்டோரியா பிரகடனம் மீறப்பட்டதாக எதிர்ப்பு எழுந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, பம்பாய் பிளேக்கின்போது, தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்ததும், பூஜை அறைகளை மாசுபடுத்தியதாக எழுந்த புகாரும், பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டதில் முடிந்தன. 2020-இல் நாடு கையில் எடுத்த சட்டங்களில் ஒன்று அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஜனங்களின் நம்பிக்கையைப் பெறாமல் சட்டத்தை மட்டும் பெறுவது எத்தகையது என்று பூனா அப்போதே காட்டியிருந்தது.

பூரி ஜகந்நாதர்

இதற்கு மாறான ஓர் உதாரணமும் இருக்கிறது. 2020 ஜூன் 18-ஆம் தேதி பூரி ரத யாத்திரைக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இதை அனுமதித்தால் ஜகந்நாதர் எங்களை மன்னிக்க மாட்டார் என்றார் தலைமை நீதிபதி எஸ்.ஏ. போப்டே. தேர் ஓடாவிட்டால் மரபுப்படி 12 ஆண்டுகளுக்குச் சுவாமி வெளியே வர இயலாது என்று மத்திய அரசு வாதிட்டது. நான்கு நாள்களில் தீர்ப்பு மாற்றப்பட்டது. வழிபாடு உண்டு, பக்தர்கள் கிடையாது என்பதே புதிய உத்தரவின் சாரம். ஒரு தேருக்கு 500 பேருக்கு மேல் வடம் பிடிக்கக் கூடாது. அனைவருக்கும் முன்கூட்டியே பரிசோதனை. ஒரு தேருக்கும் அடுத்த தேருக்கும் ஒரு மணி நேர இடைவெளி. பூரி நகருக்கு ஊரடங்கு. ரயில் நிலையம், பேருந்து நிலையம் உள்ளிட்ட நுழைவாயில்கள் அனைத்தும் மூடல். பரிசோதனையில் தொற்று தெரிந்த சேவகர் தேருக்கு வரவில்லை. ஜூன் 23-ஆம் தேதி நந்திகோஷம், தாளத்வஜம், தர்பதலனம் ஆகிய மூன்று தேர்களும் ஆளற்ற பெருவீதியில் ஓடின. வழக்கமாக லட்சக்கணக்கானோர் நிற்கும் வீதி அது. வீட்டிலிருந்தபடி தொலைக்காட்சியில் தரிசித்தனர்.

பூரியில் இது சாத்தியமானதற்கு நீதிமன்றம் மட்டும் காரணமன்று. ஒவ்வோர் ஆண்டும் ஜேஷ்ட பௌர்ணமியன்று 108 குட நீராட்டுக்குப் பின் ஜகந்நாதருக்குக் காய்ச்சல் கண்டுவிடுவதாக ஐதீகம். அதன்பின் சுமார் 15 நாள்கள் அவர் ‘அனசர’ அறையில் இருப்பார். தரிசனம் கிடையாது. குறிப்பிட்ட சேவகர்கள் மட்டுமே உள்ளே போவர்; மூலிகை மருந்து தரப்படும். குணமடைந்த பிறகே தேர். நோயுற்றவர் தனித்திருக்க வேண்டும் என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய ஊராகப் பூரி இல்லை. 2021-இலும் தேர் பக்தர்கள் இன்றியே ஓடியது.

தில்லியிலும் ஒன்று நடந்தது. 2020 ஜூன் 8-ஆம் தேதி வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அரசு அனுமதித்தது. ஜாமா மசூதி திறந்தது. ஆனால் மூன்றே நாள்களில், தம் செயலாளர் கரோனாவால் இறந்ததையடுத்து, ஷாஹி இமாம் சையத் அகமது புகாரி அதை மீண்டும் மூடினார். மூடச் சொல்லி எந்த அதிகாரியும் உத்தரவிடவில்லை.

இறுதிச் சடங்கு விஷயத்திலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல் நிதானமானது. உடலைக் குளிப்பாட்டுதல், முத்தமிடுதல், கட்டித்தழுவுதல் கூடாது, உடலைத் தொடாமல் செய்யும் வேத, மறை வாசிப்பும் புனித நீர் தெளிப்பதும் கூடும், சாம்பலால் ஆபத்தில்லை. எந்த மதத்தவராயினும் எரித்தே தீர வேண்டும் என்று மும்பை மாநகராட்சி ஓர் உத்தரவு போட்டு, சில மணி நேரத்திலேயே திரும்பப் பெற்றது. அத்தகைய உத்தரவை இலங்கை அரசு ஏறத்தாழ ஓராண்டு வைத்திருந்து, 2021 பிப்ரவரியில்தான் கைவிட்டது.

ஓராண்டு முன்னதாக வந்த கும்பமேளா

ஹரித்துவாரில் இதற்கு முந்தைய கும்பமேளா 2010-இல் நடந்தது. 12 ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2022. ஆனால் குரு கும்ப ராசியிலும் சூரியன் மேஷத்திலும் சேரும் காலம் 2021-இல் வருவதால் ஓராண்டு முன்னதாகவே நடத்த முடிவாயிற்று. 2022 பிப்ரவரியில் உத்தரகண்ட் சட்டப்பேரவைத் தேர்தல் வரவிருந்ததைத் தலைநகரின் அரசியல் வட்டாரங்கள் கவனிக்கத் தவறவில்லை.

முதல்வர் திரிவேந்திர சிங் ராவத் 2021 மார்ச்சில் மாற்றப்பட்டார். புதிய முதல்வர் தீரத் சிங் ராவத், கரோனாவின் பெயரால் யாரும் தடுக்கப்பட மாட்டார்கள், இறைநம்பிக்கை தொற்றின் அச்சத்தை வெல்லும் என்று அறிவித்தார். சில நாள்களில் அவருக்கே தொற்று உறுதியானது. மத்தியக் குழு ஹரித்துவாரைப் பார்வையிட்டது. நாள்தோறும் 10 முதல் 20 யாத்ரீகர்களுக்கும் அதே அளவு உள்ளூர்வாசிகளுக்கும் தொற்று காணப்படுவதாகவும், புனித நீராடல் நாள்களுக்குப் பின் இது பெருகக்கூடும் என்றும் மத்திய சுகாதாரச் செயலர் மாநில அரசுக்குக் கடிதம் எழுதினார். நாளொன்றுக்கு 50,000 பரிசோதனை நடத்த உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இலக்கை எட்டிவிட்டதாகக் காட்டும் ஆவலில்தான், அல்லது அதற்காகக் கிடைக்கும் கட்டணத்துக்காகத்தான், போலிச் சோதனைகள் முளைத்தன.

ஏப்ரல் 12, சோமவதி அமாவாசை. சுமார் 35 லட்சம் பேர் அன்று கங்கையில் நீராடியதாக மேளா நிர்வாகம் கணக்கிட்டது. நாட்டில் அன்றைய புதிய தொற்று 1.68 லட்சம். கரையில் இடைவெளியை வலியுறுத்தினால் நெரிசலில் சிக்கி உயிரிழப்பு நேரிடும் என்று மேளாவின் காவல்துறைத் தலைவரே ஒப்புக்கொண்டார். அவர் சொன்னதில் தவறில்லை. கூட்டம் கூடிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது அதற்கு முன்பே டேராடூனிலும் தில்லியிலும் இருந்தது. மர்கஸோடு ஒப்பிட்டுக் கேட்டபோது, அது மூடிய கட்டடம், இது திறந்தவெளி கங்கைக்கரை என்று முதல்வர் பதிலளித்தார். காற்றோட்டம் பற்றிய அளவில் அதில் கொஞ்சம் அறிவியல் இருந்தது. ஆனால் யாத்ரீகர்கள் கரையிலேயே தங்கவில்லை. கூடாரங்களிலும் ரயில்களிலும் இருந்தனர்.

ஏப்ரல் 10 முதல் 14 வரையான ஐந்து நாள்களில் ஹரித்துவாரில் 1,701 பேருக்குத் தொற்று உறுதியானது. அகில பாரதிய அகாடா பரிஷத் தலைவர் நரேந்திர கிரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த நிர்வாணி அகாடாவின் மகாமண்டலேஸ்வரர் இறந்தார். நிரஞ்சனி அகாடா தாமாகவே மேளாவிலிருந்து விலகியது. 17-ஆம் தேதி பிரதமர் மோடி, மேளாவை இனி அடையாளபூர்வமாக நடத்துமாறு வேண்டுகோள் விடுத்தார். ஜூனா அகாடாவின் அவதேஷானந்த கிரி அன்றே அதை ஏற்றார். சாதுக்களிடம் ஒரு தொலைபேசிப் பேச்சில் கிடைத்த சம்மதம், ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தைத் தவிர்க்க இயலவில்லை. கேட்கப்படவில்லை.

ஜனவரி 14 முதல் ஏப்ரல் இறுதி வரை வந்தவர்கள் சுமார் 91 லட்சம் என்பது அரசுக் கணக்கு. அவர்கள் ஊர் திரும்பினர். தில்லி உள்ளிட்ட சில அரசுகள் 14 நாள் தனிமை கட்டாயம் என்றன. நேபாள முன்னாள் மன்னர் ஞானேந்திராவும் அவர் மனைவியும் திரும்பியதும் தொற்றுக்கு ஆளாயினர். இசையமைப்பாளர் ஷ்ரவண் ராத்தோட் கும்பமேளாவுக்குச் சென்று வந்து, ஏப்ரல் 22-ஆம் தேதி இறந்தார். மத்தியப் பிரதேசத்தின் விதிஷா மாவட்டம் கியாராஸ்பூரிலிருந்து 83 பேர் சென்றிருந்தனர். திரும்பியவர்களில் 61 பேரைத்தான் அதிகாரிகளால் கண்டறிய முடிந்தது. அவர்களில் 60 பேருக்குத் தொற்று. மற்றவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 30-ஆம் தேதி நாட்டின் ஒரு நாள் தொற்று 4 லட்சத்தைத் தாண்டியது. டெல்டா வகைக் கிருமி, மேற்கு வங்கத்தில் நடந்த தேர்தல் கூட்டங்கள், திருமணங்கள் எனக் காரணங்கள் பல. பிரசாரக் கூட்டங்களைத் தடுக்காததற்காகத் தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகச் சாடியது அந்த நாள்களில்தான். எனவே எல்லாவற்றையும் கங்கைக்கரையில் கொட்டிவிடுவது, முந்தைய ஆண்டில் எல்லாவற்றையும் நிஜாமுதீனில் கொட்டியதைப் போன்ற அநியாயம். ஆனால் கங்கைக்கரையின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் வழியே இல்லாமற் போயிற்று. 2020 ஏப்ரலில் ஒவ்வொரு மாலையும் சதவீதம் சொன்ன அமைச்சகம், 2021 ஏப்ரலில் கும்பமேளா தொடர்புடையோர் இத்தனை பேர் என்று அன்றாடக் கணக்கு எதையும் வாசிக்கவில்லை. எண்ணாமல் விட்டதால் யாத்ரீகர்களுக்குக் கௌரவம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. முன்கூட்டித் தேடியிருந்தால் சிகிச்சை கிடைத்திருக்கக்கூடிய முதியவர்களும் அவர்களில் இருந்தனர்.

அதே மாதங்களில் காஜியாபாதின் இந்திராபுரம் குருத்வாராவில் ‘ஆக்சிஜன் லங்கர்’ நடந்தது. மருத்துவமனையில் படுக்கை கிடைக்காதவர்கள் சாலையோரத்தில், காருக்குள், மூச்சு வாங்கிக்கொண்டனர். தில்லி ரகாப்கஞ்ச் குருத்வாரா வளாகத்தில் 400 படுக்கை மையம் வந்தது. வடோதராவில் ஒரு மசூதியும் ஒரு சுவாமிநாராயண் கோயில் வளாகமும் சிகிச்சை மையங்களாயின. அரசு கைவிட்ட இடத்தில் வழிபாட்டுத் தலங்கள் வந்து நின்றதை எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கும் அரைகுறைக் கணக்காகிவிடும்.

ஜூலையில் வந்த உத்தரவுகள்

இரண்டாம் அலை தணிந்த 2021 ஜூலையில் காவடி எடுக்கும் கான்வர் யாத்திரைக் காலம் வந்தது. உத்தரகண்டின் புதிய முதல்வர் புஷ்கர் சிங் தாமி அதை ரத்து செய்தார். மூன்று மாதத்துக்கு முன் யாரையும் தடுக்க மாட்டோம் என்ற அதே மாநிலம், அதே கட்சி. உத்தரப் பிரதேச அரசு நடத்தியே தீர்வதாகச் சொல்ல, உச்ச நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மக்களின் நலமும் உயிர் வாழும் உரிமையுமே முதன்மை, மத உணர்வு உள்ளிட்ட மற்ற உணர்வுகள் அதற்குக் கீழ்ப்பட்டவையே என்று நீதிபதிகள் ஆர்.எஃப். நாரிமன், பி.ஆர். கவாய் 16-ஆம் தேதி கூறினர். மறுநாள் யாத்திரை கைவிடப்பட்டது.

நான்கு நாள் கழித்து அதே அமர்வின் முன் கேரள இடதுசாரி அரசு நின்றது. பக்ரீதுக்காக, வணிகர்களின் கோரிக்கையை ஏற்று, மூன்று நாள் கடைகளைத் திறக்க அது அனுமதித்திருந்தது. தொற்று விகிதம் மிகுந்த பகுதிகளுக்கும் தளர்வு தந்தது முற்றிலும் தேவையற்றது என்று கண்டித்த நீதிபதிகள், கான்வர் வழக்கில் சொன்னதையே கேரளமும் பின்பற்ற வேண்டும் என்றனர். அன்று தளர்வின் கடைசி நாள். தடை விதிக்க ஏதும் மிச்சமிருக்கவில்லை.

சுகாதாரம் என்ற அந்த மூன்றாவது சொல், இந்துக்களின் யாத்திரைக்கும் முஸ்லிம்களின் பண்டிகைக்கும், பா.ஜ.க. அரசுக்கும் மார்க்சிஸ்ட் அரசுக்கும், ஒரே வாரத்தில் ஒரே அளவுகோலாகப் பயன்பட்டது அப்போதுதான். இறந்தோரின் எண்ணிக்கை அதற்குள் அரசுக் கணக்கிலேயே 4 லட்சத்தைக் கடந்திருந்தது.

ஹரித்துவாரில் அடுத்த அர்த்த கும்பமேளா வர வேண்டிய ஆண்டு 2027.